விசாரணைக் கமிஷன் வாங்கிய தாழ்ப்பாள்

என் அக்காவிடம் ஒரு குழாய் வாங்குவதற்குள் உங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எச்சரிக்கையாகச் சொல்கிறேன். பதினெட்டு வருடமாக ஒரு ஹார்டுவேர் கடையில் குழாய், கீல், தாழ்ப்பாள், கைப்பிடி எல்லாம் இருக்கும் பகுதிக்கு அவள்தான் ஆள். "சமையலறைக்கு ஒரு குழாய் குடுங்க" என்று யாராவது வந்து நின்றால் தீர்ந்தது. சுவரில் வருகிறதா, மேடையில் நிற்கிறதா? தண்ணீர் வேகமாக வருமா, அழுது வடியுமா? வீட்டில் பாத்திரம் தேய்ப்பது யார்? அவருடைய உயரம் என்ன? கடைசிக் கேள்விக்குப் பல ஆண்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "அவங்களையே கூட்டிட்டு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவாள். கடை முதலாளி அவளுக்கு வைத்திருக்கும் பெயர் விசாரணைக் கமிஷன். வியாபாரம் கெடுகிறதே என்று முதல் இரண்டு வருடம் தலையில் அடித்துக்கொண்டவர், வாங்கிய சாமானைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் அவள் பகுதிப் பக்கம் மட்டும் வருவதேயில்லை என்று கண்டுகொண்டபின் வாயை மூடிக்கொண்டார்.

ஜனங்கள் அளவு கொண்டுவரும் அழகைப் பார்க்க வேண்டும். ஒருவர் கதவின் தடிமனை இரண்டு விரலால் பிடித்த பிடியிலேயே, விரலை அசைக்காமல், இரண்டு தெரு தாண்டி நடந்து வருவார். இன்னொருவர் "ஒரு சாண், ரெண்டு விரல்" என்பார். யாருடைய சாண் என்று கேட்டால் மனைவியுடையது என்பார். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். எனக்கு நூல் என்றால் புத்தகம். அக்காவுக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. "நாலு நூல் குழாயா, ஆறு நூல் குழாயா?" என்று அவள் கேட்டதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. அடுத்தவர் பிழையைப் பிடிப்பதில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ரகம்தான். நான் தாளில் பிடிக்கிறேன், அவள் கதவில் பிடிக்கிறாள்.

கதவுப் பூட்டு வாங்க வருகிறவர்களிடம் அவள் கேட்கும் கேள்வி அந்தத் தெருவுக்கே மனப்பாடம். "இடது பக்கம்னா, உள்ள நின்னு பார்த்தா இடதா, வெளிய நின்னு பார்த்தா இடதா?" பாதிப் பேர் அந்த இடத்திலேயே கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் ஒரு கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இருங்க, வீட்டுக்குப் போய் பார்த்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவார்கள்.

மாமா, அதாவது அவள் கணவர், பேருந்து நடத்துனர். இருபத்திரண்டு வருடம் ஓடுகிற வண்டியில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர். எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார், பிரஷ் கையிலிருந்து நழுவியது, எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. பக்கவாதம். பேச்சு திரும்பி வந்துவிட்டது. வலது கால் இழுத்து இழுத்து வந்து சேர்ந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும் அந்தக் கையை அவர் யாரோ கொடுத்துவைத்த பையைப் போல மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்.

அவர்கள் இருப்பது கீழ்த்தளத்தில் இரண்டு அறை, நான் மாடியில். குளியலறை ஒடுக்கமானது. அக்காதான் அவரைக் குளிப்பாட்டினாள். இரண்டு பேர் உள்ளே நின்றால் கதவைச் சாத்த முடியாது. அதனால் தினமும் கதவு திறந்தபடியே அவர் குளித்தார். கூப்பிட்டால் ஓடிவர வேண்டுமே என்று நான் முன்னறையில் வானொலியைச் சத்தமாக வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அவர் உள்ளே வாயே திறக்க மாட்டார். பேருந்து நிறைய ஆளை வாயாலேயே மேய்த்த மனிதர், குளிக்கிற நேரம் மட்டுமில்லை, போகப் போக நாள் முழுவதுமே பேசாமல் ஆகிவிட்டார்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண்மணி ஒருநாள், "குளியலறையைச் சரியா அமைச்சுக் குடுத்தா இவரே குளிச்சுக்கலாம்" என்றார். அன்றைக்குத்தான் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஓடணும், ஆடணும்னு எல்லாம் இல்ல. கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, நானா குளிக்கணும். அது போதும்" என்றார்.

 மறுநாளே அக்கா தன் கடையில் தானே வாடிக்கையாளராக இறங்கிவிட்டாள்.

அவள் செய்த கூத்தை முதலாளி என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வலது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாளாம். இடது கையில் சோப்பை நன்றாகக் குழைத்துப் பூசிக்கொண்டு, அலமாரியில் இருந்த குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகிப் பார்த்தாளாம். உருண்டைத் தலைக் குழாய் எல்லாம் சோப்புக் கைக்கு வழுக்கியது, ஒதுக்கிவிட்டாள். பூப்போட்ட கைப்பிடி விரலை வெட்டியது, அதையும் ஒதுக்கினாள். கடைசியில், புறங்கையால் தட்டினாலே திறக்கிற மாதிரி நீளக் கைப்பிடி உள்ள ஒன்று தேறியது. அப்படியே ஒற்றைக் கையோடு மூன்று வாடிக்கையாளர்களையும் கவனித்தாளாம். ஒருவர் "கையில அடியா?" என்று கேட்டதற்கு, "இல்ல, சாமானைப் பரீட்சை பண்றேன்" என்றாளாம்.

குழாய், கைக்குழல் ஷவர், வழுக்காத விரிப்பு, கால் பரந்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பளபளவென்று இரண்டு எஃகுக் கைப்பிடிக் கம்பிகள். எல்லாம் வீடு வந்து சேர்ந்தன. கூடவே ஒரு டிரில் மிஷினும் வந்தது.

"இது எதுக்கு? ஆளைக் கூப்பிட்டா வந்து மாட்டிட்டுப் போறான்" என்றேன்.

"வெளி ஆள் வந்து குளியலறைக்குள்ள நின்னுக்கிட்டு, 'சாருக்கு எந்த உயரம்'னு கேக்கறதை அவர் தாங்க மாட்டாரு. நாமளே மாட்டுவோம்."

"உனக்கு டிரில் பண்ணத் தெரியுமா?"

"பதினெட்டு வருஷமா விக்கிறேன்டி."

விற்றிருக்கிறாள். ஒரு ஓட்டைகூடப் போட்டதில்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். விடுமுறை நாள் பார்த்து மாமாவை என் மாடி அறைக்கு அனுப்பிவிட்டு ஆரம்பித்தோம். ஏறுவதற்கே அவருக்குக் கால் மணி நேரம் ஆனது, இருந்தாலும் மறுபேச்சுப் பேசாமல் போனார். டைல்ஸ் சுவருக்கு ஈட்டி முனை பிட், அதாவது துளைக்கிற ஊசி, போட வேண்டும், மிஷின் சுத்தியல் போல அடித்து அடித்துத் துளைக்கிற ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டும், பிட் சூடாகாமல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இதை எல்லாம் வாடிக்கையாளர்களுக்கு ஆயிரம் தடவை சொன்னவள், தன் முறை வந்ததும் பதற்றத்தில் சுத்தியல் ஓட்டத்தை நிறுத்த மறந்துவிட்டாள். டடடடவென்று ஒரு சத்தம், முதல் டைல்ஸ் குறுக்கே விண்டுபோயிற்று. மாடியிலிருந்து மாமாவின் குரல் வந்தது: "வீடு இருக்கா?"

"இருக்கு, இருக்கு" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

இரண்டாவது ஓட்டை ஒழுங்காக விழுந்தது. மூன்றாவது, நான்காவது போடும்போது அக்காவின் முகத்தில் ஒரு மிதப்பு வந்துவிட்டது. நான் தண்ணீர் தெளித்துத் தெளித்து, என் மேலும் தெளித்துக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி நின்றேன். மாலைக்குள் இரண்டு கம்பியும் இடது சுவரில் ஏறின. அக்கா தன் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. பெருமை தாங்காமல் என்னையும் தொங்கச் சொன்னாள்.

மாமா வந்தார். இடது கையால் முதல் கம்பியைப் பிடித்தார், உள்ளே போனார். இரண்டாவது கம்பியைப் பிடித்தார். மெதுவாகத் திரும்பி, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள். பிறகு அவர் எழுந்திருக்கப் பார்த்தார். இடது கையை நீட்டினார். அங்கே வெறும் சுவர். கம்பிகள் இரண்டும் இப்போது அவருக்கு வலது பக்கத்தில், வராத கையின் பக்கத்தில் இருந்தன. உடம்பைக் குறுக்கே வளைத்து எட்டிப் பிடிக்கப் பார்த்தார், நாற்காலி சறுக்கியது. அக்கா பாய்ந்து போய் அவரை அணைத்துப் பிடித்திருக்காவிட்டால் அன்றைக்கு மறுபடி ஆஸ்பத்திரிதான்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "ஊர்ல இருக்கிற அத்தனை பேரையும் கேக்கிற, உள்ள நின்னா இடதா, வெளிய நின்னா இடதான்னு. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுவதை எட்டு மாதத்தில் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில்கூட அவள் அழவில்லை. எனக்கு முதலில் மாமா மேல் கோபம் வந்தது. நாள் முழுக்க ஓட்டை போட்டவளிடம் பேசுகிற பேச்சா இது? பிறகு என் மேலேயே கோபம் வந்தது. பிழை பார்க்கிறவள் என்று பெயர், பக்கத்திலேயே நின்று தண்ணீர் தெளித்தேனே தவிர, ஒரு மனிதன் உள்ளே போனால் திரும்பியும் வர வேண்டும் என்பது என் மண்டையிலும் ஏறவில்லை. அவர் சொன்னது நியாயம் என்பதுதான் இரண்டு பேருக்கும் அதிகமாக வலித்தது.

மறுநாள் காலை அக்கா கடைக்குப் போகும் உடையிலேயே அவர் எதிரில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் நோட்டு, கையில் பேனா.

"சொல்லுங்க சார். என்ன வேணும்?"

மாமா அவளை ஒரு மாதிரி பார்த்தார். "குளியலறைக்குக் கம்பி வேணும்."

"வீட்டுல யார் குளிக்கிறது?"

"நான்தான்."

"உயரம்?"

"முன்னாடி அஞ்சே முக்கால். இப்ப சாஞ்சு நிக்கிறதால ஒரு ரெண்டு நூல் கம்மி."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். கோணலாகப் போன வாயோடு சிரித்தார், ஆனால் அது சிரிப்புதான். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ நாளாயிற்று.

அதன்பின் அவர் பேசினார் பாருங்கள், நிறுத்தவே முடியவில்லை. கம்பியைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. ஓடுகிற வண்டியில் யார் எந்தக் கம்பியை எப்போது பிடிப்பார்கள் என்பதை இருபத்திரண்டு வருடம் பார்த்தவர் ஆயிற்றே. "படுக்கைவாட்டுல இருக்கிற கம்பி நடக்கறதுக்கு. எழுந்திருக்க நட்டுக்குத்தா நிக்கிற கம்பிதான் வேணும். சீட்ல இருந்து எழற யாரும் படுக்கைக் கம்பியத் தேட மாட்டாங்க. அப்புறம், பஸ்ல கம்பி ஏன் ரெண்டு பக்கமும் இருக்கு? ஏறுறவன் ஒரு கையால ஏறுவான், இறங்குறப்போ இன்னொரு பக்கம் வேணும். இதெல்லாம் ஒரு கண்டக்டர் வீட்டுல தெரியாமப் போச்சே!" அக்கா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நடுவில் ஒரு தடவைகூட எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பதினெட்டு வருட விசாரணைக் கமிஷன் வரலாற்றில் அது முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நீ கொண்டாந்தது வேற வழவழன்னு இருக்கு. ஈரக் கை நிக்காது. நானே வந்து பிடிச்சுப் பார்க்கிறேன்" என்றார் கடைசியில்.

எட்டு மாதத்தில் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகாத மனிதர். வாடகை வண்டி பிடித்துக் கடைக்குப் போனோம். முதலாளி எழுந்து வந்து நாற்காலி போட்டார். மாமா உட்கார மறுத்துவிட்டார். நின்றுகொண்டே, கையை நனைத்துக்கொண்டு, கம்பி கம்பியாகப் பிடித்துப் பார்த்தார். சொரசொரவென்று வரி விழுந்த, சற்றே பருத்த ஒன்றைப் பிடித்ததும் அவர் முகம் தெளிந்தது. "இது கம்பி" என்றார்.

பிறகு தாழ்ப்பாள். அங்கேதான் சண்டை வந்தது.

அக்கா ஒன்றை ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தாள். உள்ளே குமிழைத் திருப்பினால் பூட்டும், வெளியே ஒரு சிறிய பிளவு இருக்கும். அவசரமென்றால் ஒரு நாணயத்தை விட்டுத் திருப்பித் திறந்துவிடலாம்.

மாமா அதைக் கையில் வாங்கவேயில்லை. "வெளியில இருந்து திறக்கிறதெல்லாம் தாழ்ப்பாளா? கதவுக்கு வெச்ச பொட்டு அது."

"உள்ள விழுந்துட்டா என்ன பண்றது?"

"விழ மாட்டேன்."

"அன்னிக்கு விழப் பார்த்தீங்க."

"அன்னிக்குக் கம்பி தப்பா இருந்துச்சு."

அக்கா குரல் உயர்ந்தது. "உங்களுக்குத் தாழ்ப்பாள் பெருசா, உயிர் பெருசா?"

கடையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எட்டு மாசமா உயிரோடதான் இருக்கேன். அதுல ஒரு குறையும் நீ வெக்கல. இது ஒண்ணுதான் கேக்கறேன். நான் திறந்தாத்தான் திறக்கணும்."

 அக்காவை எனக்குத் தெரியும். பயந்தால் பிடிவாதம் பிடிப்பாள், பிடிவாதம் பிடித்தால் பத்து ஆள் வந்தாலும் அசைக்க முடியாது. ஆனால் அவள் அப்போது தாழ்ப்பாள் அலமாரியைப் பார்க்கவில்லை. அதற்கு எதிர்ப்பக்கம், கீல் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் ஒரு கீலை எடுத்து வந்து அவர் இடது கையில் வைத்தாள்.

"பாருங்க. இந்தக் கீலுக்கு நடுவுல ஓடுற ஊசி கழட்டுற மாதிரி இருக்கு. இப்ப நம்ம கதவு உள்பக்கம் திறக்குது. நீங்க கதவுகிட்ட விழுந்துட்டா யாராலயும் திறக்க முடியாது. அதை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி திருப்பிப் போட்டுட்டா, கீல் வெளிய வந்துடும். தாழ்ப்பாள் நீங்க கேட்ட மாதிரி உள்ளதான். நீங்க திறந்தாத்தான் திறக்கும். ஆனா ஏதாவது ஆச்சுன்னா, ஆணிய வெச்சு ரெண்டு தட்டு தட்டினா ஊசி வெளிய வந்துடும். கதவையே கழட்டி எடுத்துடுவேன்."

மாமா கீலை மடக்கி மடக்கிப் பார்த்தார். "கதவைத் திறக்க மாட்டே. கதவையே பேத்துடுவே."

"ஆமா."

"அது நியாயம்" என்றார். பிறகு தன் கைக்குத் தோதான ஒரு தாழ்ப்பாளை அவரே எடுத்தார். நல்ல கனத்த, நீண்ட பிடியுள்ள, இடது கைக்கு லகுவாக ஓடுகிற ஒன்று. அதை நாலைந்து தடவை தள்ளித் தள்ளிச் சத்தம் கேட்டார்.

கதவைத் திருப்பிப் போடத் தச்சர் வந்தார். மாமாவே குளியலறை வாசலில் நின்று, எந்த உயரத்தில் தாழ்ப்பாள் வர வேண்டும் என்று அவருக்குக் காட்டினார். அக்காவும் நானும் அடுத்த விடுமுறையில் வலது சுவரில் கம்பிகளை மாட்டினோம், இந்த முறை ஒரு டைல்ஸ்கூட உடையவில்லை. வழவழக் கம்பிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்திலும் சொரசொரப்பானவை வந்தன. விண்ட டைல்ஸ் அப்படியே இருந்தது. மாற்றலாம் என்றேன். "இருக்கட்டும், என் முதல் ஓட்டை" என்றாள் அக்கா.

மறுநாள் காலை ஏழு மணி. மாமா தோளில் துண்டையும் மாற்றுச் சட்டையையும் போட்டுக்கொண்டு எழுந்தார். நாங்கள் இரண்டு பேரும் பின்னாலேயே போனோம். வாசலில் நின்று திரும்பினார்.

"டிக்கெட் ஒருத்தருக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

தாழ்ப்பாள் ஓடுகிற சத்தம் கேட்டது. அக்கா ஒரு கையில் ஆணியும் மறுகையில் சுத்தியலுமாகக் கீலுக்குப் பக்கத்தில் நின்றாள். தண்ணீர் விழ ஆரம்பித்தது. நின்றது. மறுபடி விழுந்தது. நான் வானொலியைப் போடவில்லை. திடீரென்று உள்ளே டமாரென்று ஒரு சத்தம். அக்கா ஆணியைக் கீலில் வைத்தேவிட்டாள். நான் "மாமா!" என்று அலறினேன்.

"ஒண்ணும் இல்ல! விழுந்தது தண்ணி மொள்ற மக்குதான்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "வெளிய ரெண்டு மக்கு நிக்குதே, அதுங்க போய் வேலையப் பார்க்கலாம்!"

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டாள். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நாங்கள் பத்து நிமிடத்தில் குளிப்பாட்டி முடித்த மனிதர், தண்ணீரை நிறுத்துவதும் திறப்பதுமாக, இடையிடையே ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் குளித்தார்.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் கேட்டது. மாமா வெளியே வந்தார். தலை சீவியிருந்தது. சட்டைப் பொத்தான் ஒரு படி மாறிப் போட்டிருந்தார். பிழை திருத்துகிறவளான நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவும் கை வைக்கவில்லை. அவர் கம்பியை விட்டுவிட்டு, வாசலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து வழிவிட்டார். தன் தோளில் கிடந்த ஈரத் துண்டைக் கொடியில் போட்டார். அலமாரியில் மடித்திருந்த உலர்ந்த துண்டு ஒன்றை இடது கையால் இழுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இப்ப நீ போய்க் குளி" என்றார். "தாழ்ப்பாளைப் போட்டுக்கோ. அவசரம் இல்ல. எனக்கு ஒண்ணும் ஆகாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு மாதமாக அவளும் தாழ்ப்பாள் போட்டுக் குளித்ததில்லை. கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு, ஒரு காதை வெளியே வைத்துக்கொண்டு, இரண்டு குவளை தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டு ஓடிவருவாள். நான் மாடியில் என் கதவைப் பூட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி குளித்துக்கொண்டிருந்தேன். அவள் பட்ட பாட்டை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்திருந்தார்.

அக்கா துண்டை வாங்கிக்கொண்டாள். அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்தது. வெகுநேரம் உள்ளே ஒரு சத்தமும் இல்லை. நான் பயந்துபோய் மாமாவைப் பார்த்தேன். அவர் இடது கையை உயர்த்தி, பேசாமல் இரு என்று சைகை காட்டினார். பிறகு தண்ணீர் விழ ஆரம்பித்தது, விழுந்துகொண்டே இருந்தது.